இரண்டு ஆணி

பாம்பனில் பஸ் ஏறும்போதே பொய் தயாராக இருக்கும்:
அம்மாவின் கண்ணாடிக்குத் திருகு,
அண்ணன் வலைக்கு ஈயக்குண்டு.
போவதென்னவோ ராமநாதபுரம் வண்டிக்காரத் தெரு,
சீனி இபுராம்சாவின் நூரியா மியூசிக்கல்ஸ்.

பெக்மான்சும் நானும், மாதம் ஒருமுறை.
ஒரு ரூபாய்க்கு ஒரு பிளக்ட்ரம் வாங்குவோம்.
ஒரு ரூபாய்க்கு ஒன்றரை மணி நேரம் நிற்கலாம்
என்பது அவருக்கும் எங்களுக்கும் பேசாத ஒப்பந்தம்.

ஆர்மோனியங்களுக்கும் தப்ஸ்களுக்கும் நடுவில் இருந்தது அது.
சிங்கப்பூர் கப்பல்காரர் யாரோ
கடனுக்கு ஈடாக விட்டுப்போன பேஸ் கிடார்.
தலை கிடையாது.
கழுத்து முடிகிற இடத்தில் கிடாரே முடிந்துவிடும்.
முறுக்காணி எல்லாம் வாலில்.
மரமும் இல்லை, கார்பனும் பிசினும் என்பார் இபுராம்சா,
தானே வார்த்து எடுத்தவர் போல.
தட்டினால் பிளாஸ்டிக் குடம் மாதிரி கேட்குமோ என்று சந்தேகம்.
தட்ட விடவில்லை.

"தலை எங்க பாய்?"
"கஸ்டம்ஸ்ல எடுத்துக்கிட்டான்."

மற்ற கிடார்கள் ஒற்றை ஆணியில் தலையால் தொங்கின,
காயப்போட்ட திருக்கை வரிசையாக.
இதை எங்கே பிடித்துத் தொங்கவிடுவது?
வாலுக்கு இருபுறமும் ஓர் ஆணி அடித்து
கழுத்தை நைலான் கயிற்றால் சுவரோடு கட்டி
உட்காரவைத்திருந்தார், பிடிபட்ட திருடனைப் போல.

கோயில் பாடற்குழுவில் பெக்மான்ஸ் லீட்.
எனக்கு பேஸ். மிச்சமிருந்தது அதுதான்.
பலாக்கட்டையில் யாரோ செதுக்கியது;
தடித்த கம்பி அறுந்தபோது
பைக் கிளட்ச் ஒயரை இழுத்துக் கட்டினேன்.
அது தன் இஷ்டத்துக்கு ஒரு சுருதியில் இருக்கும்,
பாட்டுதான் போய் அதைத் தேடிப்பிடிக்க வேண்டும்.

ரோட்டுப் பாலம் திறந்து இரண்டாம் வருஷம்,
சந்தியாகப்பர் திருவிழாவுக்கு முந்தைய நாள்
என்ன தோன்றியதோ அவருக்கு.
வாடகை முப்பது, பெக்மான்சின் வாட்ச் அடமானம்,
கடல்காற்று படக்கூடாது.
தங்கச்சிமடத்தில், கடல்காற்று படாமல்!
சரி என்று தலையாட்டினோம்.

சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தோம்.
"துடுப்புக்கு லக்கேஜ் உண்டு" என்றார் கண்டக்டர்.
கொடுத்தோம்.

அன்று இரவு கீழ்க்கம்பியை மீட்டியதும்
லாஞ்சு தூரத்தில் திரும்பும்போது
காதுக்கு முன்னால் விலாவுக்குத் தெரியுமே,
அது வந்தது.
செருப்பைக் கழற்றி மணலில் நின்றவர்களுக்குப்
பாதத்தில் கேட்டிருக்கும்.
பாராட்டு பெக்மான்சுக்கு.
பேஸ் வாசிக்கிறவனை யார் பார்க்கிறார்கள்,
நிறுத்தினால்தான் தெரியும்.
ஒரு பாட்டின் நடுவில் நிறுத்தியே பார்த்தேன்.
கூட்டத்துக்கு வெளியே
மல்லிகை நாற்று விற்றுக்கொண்டிருந்தவள்
சில்லறை எண்ணுவதை விட்டு நிமிர்ந்தாள்,
ஏதோ தொலைந்த மாதிரி.
போதும். மறுபடி தொடங்கினேன்.

திருப்பிக் கொடுத்தபோது இபுராம்சா முகர்ந்தார்.
"உப்பு" என்றார். ஐந்து ரூபாய் அதிகம் வாங்கினார்.
அடுத்த மாதம் அங்கே கயிறு மட்டும் இருந்தது.
யாருக்கு விற்றார் என்று நாங்கள் கேட்கவில்லை,
பிளக்ட்ரமும் வாங்கவில்லை.

பெக்மான்ஸ் கத்தாரில் கிரேன் ஓட்டுகிறான்.
நான் மண்டபத்தில் ஐஸ் பிளான்ட் கம்ப்ரசருக்குக் காவல்.
அதன் உறுமல் எந்தச் சுருதி என்று எனக்குத் தெரியும்.
இதுவரை யாரும் கேட்டதில்லை.

போன வாரம் வண்டிக்காரத் தெருவுக்குப் போனேன்.
நூரியா இப்போது போன் கவர் கடை.
சுவருக்குப் புது பெயின்ட், ஆணிகள் பழையவை,
ஆணிக்கு ஒரு கொத்தாகக் கவர் தொங்குகிறது.
மூலையில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு ஆணி.
என்ன மாட்டுவதென்று பையனுக்குத் தெரியவில்லை போலும்,
விளக்குமாற்றைத் தலைகீழாகச் சொருகியிருந்தான்.

"என்ன மாடல் அண்ணே?"

சொன்னேன். நூறு ரூபாய்.
பின்னால் ஆள் வந்துவிட்டது,
நகர வேண்டியிருந்தது.